கொரங்காட்டில் உருண்ட பந்து

கோல்ஃப் மட்டைகள் இப்போது ரொம்பத் தேறிவிட்டன, அதனால் ஆட்டமே சப்பென்று ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். இந்த வழக்கை நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளிலேயே கேட்டு முடித்தவள். கேட்டது கிளப்பிலோ வெள்ளைக்காரர் பங்களாவிலோ அல்ல. பல்லடத்துக்குக் கிழக்கே எங்கள் கொரங்காட்டில், ஒரு வெள்வேல மரத்தடியில், கையில் மோர்ச் சொம்போடு நின்றுகொண்டு கேட்டேன்.

நான் கோபிசெட்டிபாளையத்துப் பெண். வாய்க்கால் தண்ணீரும் நெல்லும் வாழையுமாகப் பச்சையிலேயே வளர்ந்தவள். வாக்கப்பட்டு வந்த ஊரில் பச்சை என்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அங்கேதான் கொரங்காடு என்ற சொல்லையே முதன்முதலாகக் கேட்டேன். உழாமல், விதைக்காமல், மாட்டுக்கென்றே விட்டுவைத்த மேய்ச்சல் காடு அது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நுழைய ஒரு மூங்கில் படல். மழை பெய்து புல் துளிர்த்ததும் படலைச் சாத்திக் கட்டிவிடுவார்கள். புல் வளர்ந்து, பூத்து, மணி உதிர்ந்த பிறகுதான் மாடு உள்ளே போகும். அதுவரை மாடு பட்டியில் நின்று சோளத்தட்டைக் கடிக்கும். பசித்த மாட்டை வைத்துக்கொண்டு பச்சைப் புல்லைப் பூட்டி வைக்கிறார்களே, இதென்ன ஊர் என்று வந்த புதிதில் நினைத்தேன்.

எங்கள் குடும்பத்துக் கொரங்காடு இரண்டு பாகம். நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. கிழக்குப் பாகம் என் கணவருடையது. மேற்குப் பாகத்தை அவருடைய அண்ணன் காய்ச்சலில் இறந்தபோது அண்ணன் மனைவியின் ஜீவனத்துக்கென்று விட்டிருந்தார்கள். நான் அவரை அக்கா என்பேன். என் கணவர் நங்கை என்பார், எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவது. அக்காவுக்குக் குழந்தை இல்லை. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு சின்ன வீட்டில் தனியாக உலை வைத்துக்கொண்டார். காங்கேயம் பசுக்கள் சில அவரிடம் இருந்தன. அவை போடும் கன்றுகளை வளர்த்து விற்றுத்தான் உப்பிலிருந்து சீலைவரை எல்லாம். எங்கள் வீட்டில் பலகாரம் செய்து கொடுத்தனுப்பினால் அந்தப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வந்ததே கிடையாது. தயிரோ நெய்யோ கொஞ்சம் ஊற்றித்தான் அனுப்புவார்.

இந்தக் காட்டுக்குள் கோல்ஃப் வந்த கதை இப்படி. என் கணவர் விவசாயத்தோடு கோயமுத்தூரில் ஒரு மில்லில் பங்கும் வைத்திருந்தார். அந்த மில்லில் மிஷின் பூட்ட வந்த இங்கிலீஷ்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காடை சுட எங்கள் ஊருக்கு வந்தார். காடை ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் கொரங்காட்டைக் கண்டவர் அப்படியே நின்றுவிட்டார். தன் ஊர்க் கடற்கரையில் ஆடு மேய்கிற மணல்மேட்டில்தான் இந்த ஆட்டமே பிறந்ததாகவும், அதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை இந்தியாவில் தான் பார்க்கவில்லை என்றும் சொன்னாராம். அடுத்த வாரம் மட்டைகளோடு வந்தார். ஆறு குழி வெட்டினார்கள். குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பினால்தான் பந்து ஒழுங்காக உருளும் என்றார் அவர். எங்கள் ஊரில் செக்கெண்ணெய்க்குப் பஞ்சமா? கடலையெண்ணெயை வாரி ஊற்றினார்கள். மறுநாள் பார்த்தால் ஊரிலுள்ள எறும்பெல்லாம் குழியைச் சுற்றித் திருவிழா கொண்டாடிக்கொண்டிருந்தது. அப்புறம் மில்லிலிருந்து கழிவெண்ணெய் வந்தது.

அவர் சீமைக்குத் திரும்பும்போது தன் மரமட்டைகளை என் கணவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் கோயமுத்தூரிலிருந்து ஒரு வக்கீலும் ஒரு டாக்டரும் இந்த ஆட்டத்துக்கு அடிமைகளாகிவிட்டார்கள். ஞாயிறு விடிந்தால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு டாக்டரின் மோட்டார் வந்து நிற்கும். நான் இட்லிக்கு ஊறப்போடுவதை முந்தின நாள் காலையிலேயே ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

மரமட்டைக் காலம் அமைதியாகத்தான் போயிற்று. நல்ல அடி என்றால் காட்டின் முக்கால் பங்கு போகும். மோசமான அடி காலடியிலேயே கிடக்கும். ஒரே ஒரு தொல்லை, மழைக்குப் பின் புல் வளர்ந்துவிட்டால் பந்து காணாமல் போகும். பந்து சென்னையிலிருந்து வர வேண்டியது, விலையும் கொஞ்சமல்ல. ஆகவே என் கணவர் ஒரு காரியம் செய்தார். அந்த மழைக்கு அவர் படலைச் சாத்தவில்லை. துளிர்க்கத் துளிர்க்க மாட்டையும் ஆட்டையும் விட்டுப் புல்லை ஒட்ட மேயவிட்டார். அடுத்த மழைக்கும் அப்படியே. காடு மழுங்கச் சிரைத்த தலைபோல் வழவழவென்று ஆயிற்று. வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துப் புகழ்ந்தார்கள். எனக்கும் அப்போது அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இரும்பு மட்டை வந்தது. சரியாகச் சொன்னால் மட்டையின் தண்டுதான் இரும்பு, உள்ளே பொள்ளலான எஃகுக் குழாய். ஆனால் பார்த்தால் இரும்பென்று தெரியாது. மேலே பழுப்பு வர்ணம் பூசி மரம் மாதிரியே செய்திருந்தார்கள். டாக்டர் நகத்தால் கீறிப் பார்த்து வியந்தார். வக்கீலுக்கு அது பிடிக்கவே இல்லை. நேர்மையான சாமானுக்கு வேஷம் எதற்கு என்று கேட்டார். மரத்தில் ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு குணம் உண்டு, அதன் வளைவை மணிக்கட்டு படிக்கப் பல வருஷம் ஆகும், இந்தக் குழாயை எடுத்து எவன் வேண்டுமானாலும் வீசலாம், பழகினவனுக்கும் பழகாதவனுக்கும் வித்தியாசம் போயிற்று என்பது அவர் கட்சி. டாக்டர் விடுவாரா? கத்திக்குப் பதில் கல்லால் ஆபரேஷன் செய்தால் வைத்தியருக்குத் திறமை அதிகம் என்று அர்த்தமா என்று திருப்பிக் கேட்டார். என் கணவர் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டு இரும்பு மட்டையாலேயே ஆடினார். கொஞ்ச நாளில் வக்கீலும் அதையே வாங்கினார். திட்டிக்கொண்டேதான் ஆடினார்.

மோர் கொடுக்கப் போகிறபோதெல்லாம் இந்தப் பேச்சு காதில் விழும். எனக்கு உள்ளுக்குள் பொங்கும். அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நெல்லு மிஷின் வந்திருந்தது. உரலும் உலக்கையும் மூலைக்குப் போயின. வேலை ரொம்பச் சுலபமாகிவிட்டதே, குத்துகிற கைக்கு மதிப்பில்லாமல் போயிற்றே என்று எங்கள் தெருவில் ஒரு பெண்ணும் வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. வேண்டுமென்று தேடிப்போய்ச் செய்கிற காரியத்தில்தான் கஷ்டம் அருமையாகத் தெரிகிறது போலிருக்கிறது. இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் யாரும் கேட்கவுமில்லை.

இரும்பு மட்டை வந்த பிறகு பந்து காட்டுக்குள் நிற்க மாட்டேன் என்றது. அடித்தால் ஓடிப்போய் நடுவேலிக்கு அடியில் நுழைந்து அக்காவின் காட்டுக்குள் போய்விடும். அக்கா தன் காட்டை மழைக்கு மழை முறையாகச் சாத்தி வைப்பவர். அங்கே புல் முழங்கால் உயரம். அதில் பந்து தேடுகிறேன் என்று மூன்று ஆண்களும் ஷூ காலோடு மிதித்துக்கொண்டு திரிவார்கள். படலைத் திறந்துபோட்டு வந்துவிடுவார்கள். அக்கா சாயங்காலம் தானே போய்ச் சாத்திவிட்டு வருவார்.

பிறகுதான் அந்த யோசனை கிளம்பியது. இரும்பு மட்டைக்கு இந்தக் காடு போதாது, நடுவேலியை வெட்டி இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம், அந்தப் பக்கத்துப் புல்லையும் மேயவிட்டு மட்டமாக்கினால் ஒன்பது குழி போடலாம் என்றார்கள். ஆட்டம் சுலபமாகிவிட்டது, ஆகவே தூரத்தைக் கூட்டியே ஆக வேண்டும் என்றார் வக்கீல். முன்னேற்றம் என்றால் இடம் பெரிதாகத்தான் வேண்டும் என்றார் டாக்டர். அத்தனை நாள் எலியும் பூனையுமாக இருந்தவர்கள் அந்த ஒன்றில் மட்டும் கைகோத்துக்கொண்டார்கள்.

என் கணவர் கெட்டவர் அல்ல. நங்கையின் மாடுகளுக்கு நம் தட்டுப் போரிலிருந்து எடுத்துப் போட்டுவிடலாம், அவருக்கு ஒரு குறையும் வராது என்று என்னிடம் சொன்னார். அவர் மனதார அப்படித்தான் நம்பினார். அக்காவுக்கு அதன் அர்த்தம் என்ன என்று எனக்குத் தெரியும். தினமும் தட்டுக்காக எங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும். தயிர் ஊற்றித் திரும்பி வந்த பாத்திரம் இனி காலியாக வரும். கேட்டால் மாட்டேன் என்று சொல்கிற வாயும் அவருக்குக் கிடையாது. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. மனசு முழுக்க இல்லை என்று இருந்தாலும் வாய் சரிங்க என்றுதான் சொல்லும். நான் ஒரு நாள் அவரிடம் போய், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே, "கொழுந்தனார் கேக்கறப்ப எப்புடி அம்மணி இல்லீங்கறது" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு இரும்பு மட்டையின்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு மத்தியானம் என் கணவர் மில்லுக்குப் போயிருந்தார். அப்படி என்னதான் மாயம் இருக்கிறது இதற்குள் என்று பார்த்துவிடுவதென்று மட்டையையும் பந்துகளையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனேன். அவர்கள் செய்வதுபோலவே ஈரமணலைக் கொஞ்சம் குவித்து, மேலே பந்தை வைத்து, சீலையைச் செருகிக்கொண்டு வீசினேன். முதல் வீச்சு காற்றுக்குப் போயிற்று. அடுத்தது பந்தின் தலையை மட்டும் உரசியது. அது தவளைபோல் ரெண்டு குதி குதித்து உருண்டது. உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது, கடைசியில் நடுவேலியில் போய் முட்டி நின்றது.

நான் அப்படியே நின்றேன். மட்டையைப் பிடிக்கவே தெரியாத நான் அடித்த பந்து வேலிவரை போகிறதென்றால், ஒன்று நான் பிறவியிலேயே பெரிய ஆட்டக்காரியாக இருக்க வேண்டும். அதற்கு வழியில்லை. மட்டையில்தான் ஏதோ இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்ப் பழைய மரமட்டையை எடுத்து வந்தேன். அதிலும் அதே அசட்டு அடிதான் விழுந்தது. அந்தப் பந்தும் போய் வேலியருகில்தான் நின்றது.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். புதுப்பெண்ணாக வந்த காலத்தில் இந்தக் காட்டுக்குள் கால் வைத்தால் கொழுக்கட்டைப் புல்லின் மணி சீலை ஓரமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுவேன். அக்காவின் சீலையில் இன்றைக்கும் அப்படித்தான் ஒட்டியிருக்கும். என் சீலை ஓரம் சுத்தமாக இருந்தது. தரையில் புல்லின் வேர்க்கட்டைகள் காய்ந்து கிடந்தன. நடுவில் மண் இறுகிக் களத்துமேடுபோல் ஆகியிருந்தது. பந்து பறந்து போகவில்லை, ஓடிப்போனது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சாஸ்திரமும் தேவையில்லை. ஆனால் அவர்கள் மூன்று பேரும் மட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கால் வைத்திருந்த இடத்தைப் பார்க்கவில்லை.

என் கணவர் சாப்பிடும்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். என் மட்டையை எடுத்தாயா என்று அதைத்தான் முதலில் கேட்டார். பிறகு, உனக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார். ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வேலி வெட்ட நாள் பார்த்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்கள் கொடுவாளோடு வந்து காத்திருந்தார்கள். முறைக்காக அக்காவை அழைத்து ஒரு வார்த்தை கேட்டார் என் கணவர். வெள்வேல மரத்தடியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அக்கா நின்றார். "உங்க இஷ்டமுங்க தம்பி" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் சீலை ஓரத்தில் ஒட்டிய புல்மணிகளைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வெளியாட்கள் எதிரில் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. மோர்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"ஏனுங்க, வெட்டறதுக்கு முன்னால ரெண்டே அடி அடிச்சுக் காட்டுங்க. ஒண்ணு நம்ம காட்டுல, ஒண்ணு அக்கா காட்டுல. அப்பறம் வெட்டுங்க."

அவர் முகம் கறுத்தது. டாக்டர்தான், அம்மா ஆசையாகக் கேட்கிறார்களே, அடியுங்கள் என்று எடுத்துக்கொடுத்தார். என் கணவர் முதலில் எங்கள் காட்டில் அடித்தார். நல்ல அடி. பந்து எழும்பிப் போய்ப் பாதித் தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்தது, பிறகு ஓடி ஓடி வேலிக்கு அடியில் நுழைந்து மறைந்தது. அப்புறம் எல்லோருமாகப் படலைத் திறந்துகொண்டு அக்காவின் காட்டுக்குப் போனோம். அதே இரும்பு மட்டை, அதே கை. பந்து எழும்பிப் போயிற்று, விழுந்தது, அவ்வளவுதான். ஆட்கள் உட்பட எல்லோரும் தேடினோம். விழுந்த இடத்திலேயே ஒரு புல்தூருக்குள் முட்டைபோல் உட்கார்ந்திருந்தது.

வக்கீல் லேசில் ஒப்புக்கொள்கிறவரா? திரும்பிப் போய் மரமட்டையால் ஓர் அடி அடிக்கச் சொன்னார். மரமட்டைப் பந்தும் ஓடிப்போய் வேலிக்குப் பக்கத்தில் நின்றது. இரும்பு மட்டையால் கொஞ்சம் தூரம் கூடத்தான் போகிறது, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் மாசக்கணக்காக அடித்துக்கொண்ட அந்தத் தூரத்தில் பெரும்பங்கு மட்டை கொடுத்ததல்ல.

அப்போது அக்கா பேசினார். குற்றம் சொல்லும் குரல் அல்ல, விசாரிக்கிற குரல்.

"எம்பட காட்டுல உழுந்தா புல்லு புடிச்சு நிறுத்துதுங்க தம்பி. உங்க காட்டுல நிறுத்தறதுக்கு என்னங்க இருக்குது?"

என் கணவர் ஷூ முனையால் தரையைக் கிளறினார். ஒரு வேர்க்கட்டை பெயர்ந்து வந்தது. குனிந்து அதை எடுத்து, ஒடித்துப் பார்த்தார். சுள்ளிபோல் ஒடிந்தது. அவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். அவர் அப்பா காட்டைச் சாத்தியதும் திறந்ததும் பார்த்து வளர்ந்தவர். அந்தக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் வரவில்லை.

ஆட்களுக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பினார். "காட்டைச் சாத்திப்போடலாமுங்க" என்று நண்பர்களிடம் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று டாக்டர் கேட்டதற்கு, புல் வரும்வரை என்றார். நண்பர்கள் இரண்டு மூன்று மாசம் பார்த்துவிட்டுக் கோயமுத்தூர்ப் பக்கமே வேறொரு வெளியைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கேயும் வக்கீல் இரும்பைத் திட்டிக்கொண்டே ஆடியதாகக் கேள்வி.

சாத்தினால் மட்டும் புல் வந்துவிடுமா? விதையே உதிராத மண்ணில் எதிலிருந்து முளைக்கும்? அந்த வருஷம் பார்த்து மழையும் ஏமாற்றியது. சோளம் கதிர் பிடிக்கவில்லை, தட்டுப் போரும் தீர்ந்தது. எங்கள் மாடுகளின் விலாவை எண்ணிவிடலாம்போல ஆயிற்று. வெள்வேலங்காயை உலுக்கிப் போட்டு எத்தனை நாள் ஓட்டுவது? வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் காட்டில் பழுத்த புல் நின்றுகொண்டிருந்தது. எங்கள் மாடுகள் வேலியோரமாகப் போய் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கும். என் கணவர் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். நங்கையிடம் கேளுங்களேன் என்று நான் சொல்லவில்லை. எந்த முகத்தோடு கேட்பார்?

ஒரு காலை அக்கா எங்கள் பட்டிக்கு வந்தார். நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். என் கணவர் காளையொன்றின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். அக்கா அவிழ்த்த முதல் கயிறு எங்கள் சினைப்பசுவினுடையது. அதைப் பிடித்துக்கொண்டு தன் காட்டை நோக்கி நடந்தார். படல் ஏற்கனவே திறந்திருந்தது. தன் மாடுகளைத் தென்னோரமாக ஒதுக்கி, ஒரு பக்கத்தை எங்களுக்கென்று காலி செய்து வைத்திருந்தார்.

என் கணவர் பின்னாலேயே போனவர் படலுக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை.

"நங்கை, இந்தக் காட்டைக் கேட்டவன் நானுங்க."

அக்கா பசுவின் கயிற்றைக் கொம்பில் சுற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"கேட்டது நீங்க. பசிச்சது மாடு தானுங்க. மத்ததையும் ஓட்டியாங்க தம்பி."